சம்பளம் நின்னா சந்தா என்ன ஆகும்? அமெரிக்க யூத ஜெபஆலயங்களோட பட்ஜெட்டை ஒரு சிஏ கண்ணால பார்ப்போம்



2008 செப்டம்பர் 29, திங்கட்கிழமை. வங்கிகளைக் காப்பாத்தறதுக்கான 700 பில்லியன் டாலர் மசோதாவை அமெரிக்க நாடாளுமன்றத்தோட கீழவை அன்னிக்குத் தோற்கடிச்சுது. டோ ஜோன்ஸ் குறியீடு ஒரே நாள்ல 777 புள்ளி விழுந்தது. லேமன் பிரதர்ஸ் திவாலாகி ரெண்டு வாரம்தான் ஆகியிருந்துச்சு.

அதே நாள் சாயங்காலம் சூரியன் மறைஞ்சதும் யூதர்களோட புத்தாண்டு, ரோஷ் ஹஷானா, ஆரம்பம். வருஷம் முழுக்க ஜெபஆலயம் பக்கமே போகாதவங்ககூட அன்னிக்குப் போவாங்க. அதுக்கு ரெண்டு மூணு மாசம் முன்னாடியே, ஜெபஆலயத்துலேர்ந்து அந்த வருஷத்துச் சந்தா பில் வீட்டுக்கு வந்திருக்கும். ஆயிரம் டாலர், ரெண்டாயிரம் டாலர், சில ஊர்கள்ல அதுக்கும் மேல.

வேலை போயிடுமோன்னு பயந்துட்டு இருக்கற ஒருத்தர் அந்த பில்லை என்ன பண்ணுவார்? அவர் கட்டலைன்னா, அந்தப் பணத்தை நம்பிச் சம்பளம் வாங்கற ரபியும், ஆசிரியரும், வாட்ச்மேனும் என்ன ஆவாங்க?

இந்தக் கேள்வியைத்தான் இந்தப் பதிவுல கணக்கு போட்டுப் பார்க்கப் போறோம். "நமக்கும் யூத ஜெபஆலயத்துக்கும் என்னங்க சம்பந்தம்?"னு கேட்கலாம். நிரந்தரச் செலவு, நிரந்தரம் இல்லாத வருமானம், இந்த ரெண்டும் மோதும்போது என்ன நடக்குதுன்னு புரிஞ்சுக்க இதைவிட நல்ல கேஸ் ஸ்டடி எனக்குத் தெரியல. மாசச் சம்பளத்துல வாழற நம்ம எல்லாருக்கும் அதே பிரச்சனைதான்.

முதல்ல, ஏன் சந்தா? உண்டியல் போதாதா?

இதுக்கு மூணு காரணம் இருக்கு.

ஒண்ணு, அரசாங்கம் பணம் தராது. அமெரிக்க அரசியல் சட்டத்தோட முதல் திருத்தம் மதத்தையும் அரசையும் பிரிச்சு வைக்குது. ஜெர்மனியில கதை வேற. அங்க பதிவு பண்ணின மத அமைப்போட உறுப்பினரா இருந்தா, வருமான வரியில 8 அல்லது 9 சதவீதம் கூடுதலா மத வரியாப் போகும். பல மாநிலங்கள்ல யூத சமூகங்களுக்கும் இந்த வழி உண்டு. அமெரிக்காவுல அந்த மாதிரி எதுவும் கிடையாது. ஒவ்வொரு ஜெபஆலயமும் தன் சொந்தக் கால்லதான் நிக்கணும்.

ரெண்டு, சனிக்கிழமை பணத்தைத் தொடக் கூடாது. யூதர்களோட ஓய்வுநாள் வெள்ளி சாயங்காலம் தொடங்கி சனி இரவு வரைக்கும். பாரம்பரியச் சட்டப்படி அந்த நேரத்துல காசைக் கையாளக் கூடாது. கூட்டம் வர்றதே அன்னிக்குத்தான். சர்ச்சுல ஞாயித்துக்கிழமை காணிக்கைத் தட்டு சுத்தி வர்ற மாதிரி இங்க சுத்த முடியாது. அதனால வர்றவங்ககிட்ட அப்பப்போ வாங்கறதை விட, வருஷத்துக்கு ஒரு தொகைன்னு பில் போடறதுதான் வழியாச்சு.

மூணு, செலவு மாறாது. இதுதான் முக்கியம். இதைக் கணக்கோட பார்ப்போம்.

ஒரு மாதிரி பட்ஜெட்

புரியறதுக்காக நானே ஒரு ஜெபஆலயத்தைக் கற்பனை பண்ணிக்கறேன். 400 குடும்பம் உறுப்பினர்கள். வருஷச் செலவு 12 லட்சம் டாலர்.

செலவு:
- ரபி, பாடகர், ஆசிரியர்கள், ஆபீஸ் ஊழியர்கள் சம்பளம்: 7,80,000
- கட்டடக் கடன், ஹீட்டிங், இன்ஷூரன்ஸ், ரிப்பேர், பாதுகாப்பு: 2,60,000
- நிகழ்ச்சிகள், தேசிய அமைப்புக்குக் கட்டற சந்தா: 1,00,000
- நிர்வாகம்: 60,000

வரவு:
- உறுப்பினர் சந்தா: 7,80,000
- குழந்தைகளோட மதப் பள்ளிக் கட்டணம்: 1,20,000
- யோம் கிப்பூர் நன்கொடை: 1,00,000
- ஹால் வாடகை, விழாக்கள்: 80,000
- நிரந்தர நிதியோட வருமானம், மத்தவை: 1,20,000

ரெண்டும் 12 லட்சம். சரியா டேலி ஆகுது.

இப்போ சந்தா வரியை மட்டும் கொஞ்சம் உத்துப் பாருங்க. பில்லுல இருக்கற தொகை குடும்பத்துக்கு 2,400 டாலர். 400 குடும்பமும் கட்டியிருந்தா 9,60,000 வந்திருக்கணும். வந்தது 7,80,000தான். ஏன்னா:

- 280 குடும்பம் முழுசா 2,400 கட்டுது: 6,72,000
- 80 குடும்பம் சலுகை வாங்கி சராசரியா 1,000 கட்டுது: 80,000
- 40 இளம் உறுப்பினர்கள் தலா 700 கட்டறாங்க: 28,000

அதாவது "சந்தா 2,400"ங்கறது விலைப்பட்டியல்ல இருக்கற எண். கைக்கு வர்ற சராசரி 1,950. பில் போட்ட தொகையும் வசூலான தொகையும் ஒண்ணு இல்லைங்கறது கணக்கு படிச்சவங்களுக்கு முதல் பாடம். நல்ல பொருளாளர் எப்பவும் ரெண்டாவது எண்ணை வெச்சுத்தான் பட்ஜெட் போடுவார்.

யோம் கிப்பூர் நன்கொடைன்னு ஒரு வரி இருக்கே, அது சுவாரசியமான விஷயம். வருஷத்துலயே அதிகக் கூட்டம் வர்ற ராத்திரி அது. அன்னிக்குப் பணத்தையும் தொடக் கூடாது, பேனாவையும் தொடக் கூடாது. அதனால நிறைய இடங்கள்ல ஒரு அட்டை கொடுப்பாங்க. ஓரத்துல 100, 250, 500னு தொகைகள் அச்சடிச்சிருக்கும். நீங்க கொடுக்க நினைக்கற தொகையோட முனையை மடிச்சுக் கொடுத்தாப் போதும். பணம் அப்புறமா வரும். கணக்குப்படி இது வாக்குறுதி மட்டுமே, ரொக்கம் இல்ல. கஷ்டகாலத்துல மடிச்ச முனை எல்லாம் பணமா மாறாது.

நெருக்கடி வந்தா என்ன ஆகும்?

இங்க ஒரு டைமிங் பிரச்சனையும் இருக்கு. பல ஜெபஆலயங்களோட நிதியாண்டு ஜூலை 1 முதல் ஜூன் 30 வரைக்கும். பட்ஜெட் அதுக்கு முன்னாடியே பாஸ் ஆகிடும். ரபியோட ஒப்பந்தம் பெரும்பாலும் பல வருஷத்துக்கானது. 2008 செப்டம்பர்ல சந்தை விழுந்தப்போ, அந்த வருஷச் செலவெல்லாம் ஏற்கனவே கையெழுத்தாகி முடிஞ்சிருந்தது. வரவு மட்டும்தான் காத்துல ஆடுச்சு. அமெரிக்காவுல வேலையின்மை 2009 அக்டோபர்ல 10 சதவீதத்தைத் தொட்டுச்சு.

நம்ம மாதிரி பட்ஜெட்டுக்கு வருவோம். 30 குடும்பம் விலகிடுச்சு. இன்னும் 40 குடும்பம் முழுச் சந்தாவுலேர்ந்து சலுகைக்கு இறங்கிடுச்சு.

- முழுசா கட்டறவங்க இப்போ 210: 5,04,000
- சலுகையில இருக்கறவங்க 120: 1,20,000
- இளையவங்க 40: 28,000
- மொத்தம்: 6,52,000

சந்தாவுல மட்டும் 1,28,000 குறைவு. யோம் கிப்பூர் நன்கொடை 1,00,000லேர்ந்து 70,000. நிரந்தர நிதியோட வருமானம் சந்தை விழுந்ததுல 30,000 குறைஞ்சுது. மொத்தப் பள்ளம் 1,88,000 டாலர். பட்ஜெட்ல கிட்டத்தட்ட 16 சதவீதம்.

உடனே வர்ற யோசனை: "சந்தாவை ஏத்திடுவோம்." சரி, ஏத்துவோம். சலுகையில இருக்கறவங்ககிட்ட கேட்க முடியாது. 210 குடும்பத்து மேலதான் சுமை. 1,88,000ஐ 210ஆல வகுத்தா ஆளுக்கு 895. சந்தா 2,400லேர்ந்து 3,295 ஆகணும். 37 சதவீத ஏத்தம், அதுவும் வேலை போற வருஷத்துல! இதைப் பார்த்து இன்னும் 20 குடும்பம் விலகினா 65,900 மறுபடி போச்சு. அதை ஈடுகட்ட மறுபடி ஏத்தணும். மறுபடி சில பேர் போவாங்க. கீழ்நோக்கிப் போற சுழல் இதுதான்.

இது 2008ல புதுசா வந்த பிரச்சனை இல்ல. 1920கள்ல நல்லா சம்பாதிச்ச காலத்துல அமெரிக்க யூதர்கள் பெரிய பெரிய ஜெபஆலயங்களைக் கடன்ல கட்டினாங்க. 1929ல சந்தை சரிஞ்சு 1930கள்ல வேலை இல்லாம போனப்போ, அந்தக் கடன் தவணைதான் பல சபைகளோட கழுத்தைப் பிடிச்சுது. நல்ல வருமானம் இருக்கறப்போ எடுத்த ஈஎம்ஐ, வருமானம் குறைஞ்சாலும் குறையாது. இதை நான் உங்களுக்கு எத்தனை வீடியோவுல சொல்லியிருக்கேன்!

நிஜமான ஓட்டை எங்க இருக்கு?

இப்போ இந்தப் பதிவோட மையத்துக்கு வர்றேன்.

பெரும்பாலான ஜெபஆலயங்கள் "பணம் இல்லைங்கறதுக்காக யாரையும் திருப்பி அனுப்ப மாட்டோம்"னு சொல்றவைதான். சலுகை உண்டு. அப்புறம் ஏன் 30 குடும்பம் சொல்லாமக் கொள்ளாம விலகுது?

சலுகை கேட்கற முறையை யோசிச்சுப் பாருங்க. பழைய முறையில, ஆபீஸ்ல ஒரு படிவம் வாங்கணும். வருமானம் எவ்வளவுன்னு எழுதணும். சில இடங்கள்ல வரிக் கணக்கு நகலைக்கூட காட்டணும். ஒரு கமிட்டி அதைப் பார்த்து முடிவு பண்ணும். அந்தக் கமிட்டியில யார் இருப்பா? உங்க பக்கத்து வீட்டுக்காரர். உங்க குழந்தையோட ஃப்ரெண்டோட அப்பா. போன வருஷம் உங்க வீட்டு விருந்துக்கு வந்தவர்.

போன மாசம் வரைக்கும் முழுச் சந்தா கட்டினவர், இப்போ வேலை போனதும் அங்க போய் "எனக்குக் குறைச்சுக்கோங்க"ன்னு நிக்கணும். நிறைய பேர் நிக்க மாட்டாங்க. பில்லை மேஜையில போட்டுட்டு, "இந்த வருஷம் வேண்டாம்"னு அமைதியா ஒதுங்கிடுவாங்க. வாழ்க்கையில நாலு பேரோட துணை அதிகமா தேவைப்படற வருஷத்துலதான் அவங்க தனியாகிடறாங்க.

கணக்குப்படியும் இது நஷ்டம். விலகின 30 குடும்பத்துல 20 பேர் ஆளுக்கு 1,000 கட்டிட்டு இருந்திருந்தாக்கூட 20,000 டாலர் வந்திருக்கும். நிலைமை சரியானதும் அவங்க மறுபடி 2,400க்கு ஏறவும் வாய்ப்பு இருந்திருக்கும். போனவங்க திரும்பி வர்றது கஷ்டம். ஒரு வருஷம் போகலைன்னா அடுத்த வருஷம் போகாம இருக்கறது இன்னும் சுலபம்.

ஆக, தொகை மட்டும் பிரச்சனை இல்ல. குறைச்சுக் கட்டறதுக்குக் கொடுக்க வேண்டியிருக்கற மானம், அதுதான் பெரிய விலை.

நாலு மாடல்

இதை எப்படிச் சரி பண்றதுன்னு அமெரிக்க ஜெபஆலயங்கள் நூறு வருஷத்துக்கும் மேல முயற்சி பண்ணிட்டு இருக்காங்க. முக்கியமா நாலு வழி.

1. இருக்கை விலை. 19ஆம் நூற்றாண்டுல இதுதான் பிரதானம். முன்வரிசை இருக்கைக்கு அதிக விலை, பின்வரிசைக்குக் குறைவு. விக்கவும் செய்வாங்க, வாடகைக்கும் விடுவாங்க. வருமானம் நல்லா வந்துச்சு. ஆனா யாருக்கு எவ்வளவு வசதின்னு உள்ள நுழைஞ்சதுமே எல்லாருக்கும் தெரிஞ்சிடும். ரபி ஸ்டீஃபன் வைஸ் 1907ல நியூயார்க்ல 'ஃப்ரீ சினகாக்'னு ஒண்ணு ஆரம்பிச்சப்போ, நிரந்தர இருக்கை விலையும் கிடையாது, கட்டாயச் சந்தாவும் கிடையாதுன்னு அறிவிச்சார். பணம் கொடுக்கறவங்களுக்குப் பயந்து ரபி பேச வேண்டிய நிலை வரக் கூடாதுங்கறதும் அவரோட கொள்கை.

2. ஒரே சந்தா. எல்லாருக்கும் ஒரே தொகை, முதியவங்க, இளையவங்க, தனி ஆளுங்களுக்கு மட்டும் குறைவு. 20ஆம் நூற்றாண்டுல இதுதான் பரவிச்சு. பட்ஜெட் போட சுலபம். ஆனா வருஷத்துக்கு 50,000 சம்பாதிக்கறவருக்கு 2,400ங்கறது கிட்டத்தட்ட 5 சதவீதம். 3 லட்சம் சம்பாதிக்கறவருக்கு அது 1 சதவீதம்கூட இல்ல.

3. வருமானத்துக்கு ஏத்த பங்கு. வருமானத்துல இத்தனை சதவீதம்னு வைக்கறது. கேட்க நியாயமா இருக்கு. ஆனா வருமானத்தை யார் சரிபார்க்கறது? ஆதாரம் கேட்டா மானப் பிரச்சனை. கேட்கலைன்னா நம்பிக்கையில ஓடணும்.

4. மனம்போலச் சந்தா. 2008க்கு அப்புறம் கவனம் பெற்ற முறை. ஜெபஆலயம் தன் பட்ஜெட்டைத் திறந்து காட்டும். "எல்லாரும் சமமா கொடுத்தா ஒரு குடும்பத்துக்கு இவ்வளவு வரும்"னு ஒரு எண்ணைச் சொல்லும். அதுக்கு மேல கொடுக்கலாம், கீழயும் கொடுக்கலாம். காரணம் கேட்க மாட்டாங்க. படிவம் இல்ல, கமிட்டி இல்ல. நியூயார்க்ல இருக்கற யூஜேஏ-ஃபெடரேஷன் அமைப்பு இந்த முறைக்கு மாறின சபைகளை ஆராய்ஞ்சு 2015ல ஒரு அறிக்கையே போட்டுச்சு. அதுல வேலை பார்த்தவங்கள்ல ஒருத்தரான ரபி டான் ஜட்சன், அமெரிக்க ஜெபஆலயங்களோட பண வரலாறு பத்தி 2018ல ஒரு முழுப் புத்தகமே எழுதியிருக்கார்.

இதுல ரெண்டாவதுக்கும் நாலாவதுக்கும் இடையில இருக்கற இழுபறி ரொம்பப் பழசு. பைபிள்ல யாத்திராகமம் படிச்சவங்களுக்குத் தெரியும். 30ஆம் அதிகாரத்துல ஒரு விதி இருக்கு: ஆளுக்கு அரைச்சேக்கல், பணக்காரன் கூடக் கொடுக்கக் கூடாது, ஏழை குறைச்சும் கொடுக்கக் கூடாது. ஆனா அதே புத்தகத்துல 25ஆம் அதிகாரத்துல, கூடாரம் கட்டறதுக்கு மனசுல தோணறவங்க தோணறதைக் கொண்டு வரலாம். 36ஆம் அதிகாரத்துக்கு வந்தா, பொருள் ரொம்பச் சேர்ந்துபோய், "போதும், நிறுத்துங்க"ன்னு மோசே சொல்ல வேண்டியதாகிடுது! எந்தப் பொருளாளருக்கும் கனவு மாதிரி ஒரு நாள் அது.

மனம்போலச் சந்தா வேலை செய்யுமா? கணக்கு போடுவோம்

அதே நெருக்கடி வருஷம். செலவு 12 லட்சம். சந்தா தவிர மத்த வரவு இப்போ 3,60,000. மீதி 8,40,000. இருக்கறது 370 குடும்பம். ஆளுக்குச் சமமா வகுத்தா 2,270 டாலர். இந்த எண்ணை வெளிப்படையா சொல்றாங்க.

இப்போ வேலை உறுதியா இருக்கற 70 குடும்பம், நிலைமையைப் புரிஞ்சு 4,000 கொடுக்குதுன்னு வைங்க. கூடுதலா 1,12,000. பள்ளம் 1,88,000லேர்ந்து 76,000 ஆகிடும். விலகியிருக்கக்கூடிய 20 குடும்பம் கூச்சமில்லாம 1,000 கட்டிட்டு உள்ளயே இருந்தா 56,000. அதாவது 16 சதவீதப் பள்ளம் 5 சதவீதத்துக்கும் கீழ வந்துடுது. அதைச் செலவைக் குறைச்சுச் சமாளிக்கலாம்.

இதுல மந்திரம் எதுவும் இல்ல. மேல கொடுக்க 70 குடும்பம் வேணும். அவங்க கொடுக்கணும்னா ரெண்டு விஷயம் நடக்கணும். ஒண்ணு, கணக்கு திறந்து இருக்கணும். ரெண்டு, யாராவது நேர்ல போய்ப் பேசணும். பில்லை மட்டும் மாத்திட்டு, பேசாம உட்கார்ந்திருந்தா இந்த முறையும் தோத்துடும். சந்தா கட்டாயமே இல்லாத சபாத் மையங்கள் பல ஊர்கள்ல ஓடறதும் இப்படித்தான். அங்க இருக்கற ரபி வருஷம் முழுக்க ஆளுங்களை நேர்ல பார்த்து நன்கொடை கேட்டுட்டே இருப்பார்.

கஷ்டகாலத்துல வேற என்ன வழி இருந்துச்சு?

நிரந்தர நிதி. "கோடிக்கணக்குல நிதி வெச்சிருக்காங்களே, அதை எடுத்துச் செலவு பண்ணலாமே?"ன்னு கேட்பாங்க. அங்கதான் சிக்கல். கட்டடத்துக்குன்னு கொடுத்த பணத்தைச் சம்பளத்துக்குப் போட முடியாது. கொடுத்தவர் போட்ட நிபந்தனை சட்டப்படி கட்டுப்படுத்தும். பேங்க் ஸ்டேட்மென்ட்ல பணம் தெரியும், கைக்கு வராது. நம்ம பிஎஃப் பேலன்ஸ் மாதிரின்னு வெச்சுக்கோங்க.

இன்னொரு ஆபத்து, அந்த நிதியை எங்க போட்டு வெச்சிருக்கோம்ங்கறது. 2008 டிசம்பர் 11ல பெர்னார்ட் மேடாஃப் கைதானார். அமெரிக்க வரலாற்றுலயே மிகப்பெரிய பான்ஸி மோசடி. ஹடாசா, யெஷிவா பல்கலைக்கழகம் மாதிரி பெரிய யூத நிறுவனங்களோட பணமும் அதுல மாட்டிச்சு. "நம்ம ஆளு"ங்கற நம்பிக்கையில போட்ட பணம். சந்தை விழுந்த அதே வருஷம் நன்கொடையாளர்களும் அடிபட்டாங்க, நிதியும் அடிபட்டுச்சு. அவசர நிதியை எங்க வைக்கணும்ங்கறதுக்கு இதைவிடக் கசப்பான பாடம் இல்ல.

வட்டியில்லாக் கடன். 12ஆம் நூற்றாண்டு யூத அறிஞர் மைமோனிடிஸ் தர்மத்தை எட்டு படியா பிரிச்சார். எல்லாத்துக்கும் மேல் படி எதுன்னா, ஒருத்தருக்குக் கடனோ, கூட்டுத்தொழிலோ, வேலையோ கொடுத்து, அவர் மறுபடி யார்கிட்டயும் கை நீட்டாதபடி பண்றது. அந்த யோசனையிலதான் 1892ல நியூயார்க்ல ஹீப்ரூ ஃப்ரீ லோன் சொசைட்டி ஆரம்பிச்சாங்க. இன்னிக்கும் வட்டி இல்லாம கடன் கொடுக்கறாங்க. உறுப்பினரோட வருமானம் நிமிர்ந்தா சந்தா தானா வரும். கஷ்டகாலத்துல சபை தன் பள்ளத்தை மட்டும் பார்க்காம, உறுப்பினரோட பள்ளத்தையும் பார்க்கணும்னு இது சொல்லுது.

அரசு உதவி. 2020ல கோவிட் வந்தப்போ ஒரு விதிவிலக்கு நடந்துச்சு. மார்ச் 27ல கையெழுத்தான கேர்ஸ் சட்டத்தோட சம்பளப் பாதுகாப்புத் திட்டத்துல மத அமைப்புகளும் கடன் வாங்கலாம்னு அனுமதிச்சாங்க. ஊழியர் சம்பளத்துக்குச் செலவு பண்ணினா கடன் தள்ளுபடி. ஜெபஆலயங்களும் வாங்கினாங்க. ஒரு தடவை கிடைச்ச ஆக்சிஜன் அது. அடுத்த தடவை வரும்னு நம்பி பட்ஜெட் போட முடியாது.

செலவைப் பகிர்றது. ரெண்டு சபை ஒரே கட்டடத்தைப் பகிர்ந்துக்கறது, பள்ளியைச் சேர்த்து நடத்தறது, கடைசியில ஒண்ணாவே இணைஞ்சிடறது. மனசுக்குக் கஷ்டமான முடிவுதான். ஆனா காலியா இருக்கற பெரிய ஹாலுக்கு ஹீட்டிங் போடறதை விட நல்லது. இன்னொரு பக்கம், குறைக்கவே முடியாத செலவும் கூடிட்டுதான் போகுது. 2018 அக்டோபர் 27ல பிட்ஸ்பர்க் ஜெபஆலயத்துல 11 பேர் சுட்டுக் கொல்லப்பட்டதுக்கு அப்புறம், வாசல்ல பாதுகாப்புங்கறது பட்ஜெட்ல விருப்பச் செலவா இல்ல.

வரிச் சலுகை உண்டா?

அமெரிக்காவுல வேலை பார்க்கற நம்ம வாசகர்களுக்காக இது. அங்க ஜெபஆலயத்துக்குக் கட்டற உறுப்பினர் சந்தாவை நன்கொடையாவே எடுத்துப்பாங்க. கழிவு கேட்கலாம். குழந்தையோட மதப் பள்ளிக் கட்டணத்துக்குக் கழிவு கிடையாது, ஏன்னா அதுக்குப் பதிலா ஒரு சேவை வாங்கறீங்க.

ஆனா ஒரு விஷயம். 2018லேர்ந்து நிலையான கழிவு கிட்டத்தட்ட ரெட்டிப்பாச்சு. தனி ஆளுக்கு 6,350லேர்ந்து 12,000, தம்பதிக்கு 12,700லேர்ந்து 24,000. அதனால நிறைய சம்பளக்காரங்களுக்கு நன்கொடையைத் தனியா காட்டறதால எந்த லாபமும் இல்லாம போச்சு. 2026லேர்ந்து, தனியா காட்டாதவங்களும் ரொக்க நன்கொடைக்கு 1,000 டாலர் வரைக்கும், தம்பதியா இருந்தா 2,000 வரைக்கும் கழிவு எடுக்கலாம். "வரி மிச்சமாகும், கொடுங்க"ன்னு பொருளாளர் சொல்றதுக்கு முன்னாடி, அது உங்களுக்குப் பொருந்துதான்னு பார்த்துக்கோங்க.

சரி, இதுலேர்ந்து நாம என்ன எடுத்துக்கலாம்?

எந்தச் சங்கத்துலயோ, மன்றத்துலயோ, அப்பார்ட்மென்ட் அசோசியேஷன்லயோ உறுப்பினரா இருந்தாலும் இந்த அஞ்சு விஷயம் பொருந்தும்.

1. முழுசா முடியலைன்னா, விலகாதீங்க. கேளுங்க. "இந்த வருஷம் என்னால இவ்வளவுதான் முடியும். நிலைமை சரியானதும் பழையபடி கட்டறேன்." ரெண்டே வரி. சம்பளச் சீட்டு காட்ட வேண்டியதில்ல, கதை சொல்ல வேண்டியதில்ல. மேல போட்ட கணக்கைப் பார்த்தீங்க இல்லையா? நீங்க குறைச்சுக் கட்டினாலும் அவங்களுக்கு லாபம்தான். நீங்க உதவி கேட்கலை, அவங்க பள்ளத்தைச் சின்னதாக்கறீங்க.

2. உங்களால முடியும்னா, சத்தமில்லாம கூடக் கொடுங்க. எல்லாருக்கும் கஷ்டமான வருஷத்துல உங்க வேலை பத்திரமா இருந்தா, அந்த 70 குடும்பத்துல ஒருத்தர் நீங்க.

3. பட்ஜெட்டைக் கேட்டு வாங்கிப் படிங்க. மூணு எண்ணைப் பாருங்க: பில் போட்டது எவ்வளவு, வசூலானது எவ்வளவு, வருமானம் நின்னா எத்தனை மாசம் ஓட்ட முடியும். மூணாவதுக்குப் பதில் "தெரியாது"ன்னா, அதுதான் அடுத்த கூட்டத்துல எழுப்ப வேண்டிய கேள்வி.

4. கமிட்டியில இருக்கீங்களா? சலுகை கேட்கற வழியை மாத்துங்க. ஒரே ஒரு ஆள், ஒரே ஒரு ஃபோன் நம்பர், ஆதாரம் கேட்காத பேச்சு. தகவல் அந்த ஒரு ஆளைத் தாண்டிப் போகக் கூடாது. செலவே இல்லாத சீர்திருத்தம் இது. விலகற ஆளுங்களைக் குறைக்கும்.

5. உங்க வீட்டுப் பட்ஜெட்டும் ஒரு ஜெபஆலயம்தான். வாடகை, ஈஎம்ஐ, ஸ்கூல் ஃபீஸ் எல்லாம் நிரந்தரம். சம்பளம் மட்டும் நிரந்தரம் இல்ல. நல்ல வருஷத்துல கட்டற பெரிய கட்டடம், கெட்ட வருஷத்துல யார் மேல விழும்னு ஒரு தடவை யோசிச்சுட்டுக் கையெழுத்துப் போடுங்க.

முதல் விஷயத்தை மறுபடி ஒரு தடவை படிச்சுப் பாருங்க. ஏன்னா வேலை போன என் கிளையன்ட்ஸ்கிட்ட நான் அடிக்கடி பார்க்கறது இதுதான்: முதல்ல இன்ஷூரன்ஸையும் எஸ்ஐபியையும் நிறுத்தறதுக்கு முன்னாடியே, ஆளுங்களோட இருக்கற தொடர்பை நிறுத்திடறாங்க. சந்தா கட்ட முடியலைங்கற வெட்கத்துல சங்கத்துக்குப் போறதில்ல, மொய் வைக்க முடியலைன்னு கல்யாணத்துக்குப் போறதில்ல. அடுத்த வேலை பத்தின தகவல் பெரும்பாலும் அந்த மாதிரி இடத்துலேர்ந்துதான் வரும்.

மாதிரி பட்ஜெட்டை எக்செல்ல எப்படிப் போடறது, 30 குடும்பத்துக்குப் பதிலா 50 குடும்பம் விலகினா எண்கள் எப்படி மாறுதுன்னு அடுத்த வீடியோவுல ஸ்க்ரீன்ல காட்டறேன். அதுக்குள்ள உங்க அசோசியேஷன் பட்ஜெட்டை வாங்கி, அந்த மூணு எண்ணையும் எழுதி வைங்க.